கணக்கர் ஒருவரின் கடைத்தெரு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நவீன ஓவியமும் நாமும்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்புக்கு நான் தகுதியுடையவன் அல்லன். ஒரே ஓர் ஓவியரைப் பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டுகிறேன். ஏன் அவர் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த விழா மலருக்காகக் கவிதைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடமும் வேறு இரு நண்பர்களிடமும் ஒப்படைத்தார்கள். நம் கூட்டங்களில் இதுவரை வாசிக்கப்பட்டவற்றையெல்லாம் ஒருசேர உட்கார்ந்து படித்தேன். ஆறு வந்தது. நிலா வந்தது. பாட்டியின் சுருக்குப்பை வந்தது. ஊர்க்கோடி ஆலமரம் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் வாயிற்கதவு மட்டும் வரவில்லை. பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு உருக்காலைக்குப் போகும் லாரி வரவில்லை. கவரைப்பேட்டையில் ஏறிப் பொன்னேரி தாண்டுவதற்குள் தூங்கிவிடும் இரவுப்பணித் தொழிலாளி வரவில்லை. நம்மில் பாதிப் பேர் திருவள்ளூர் ரயில் பாதையைச் சேர்ந்தவர்கள். மீதிப் பேர் கும்மிடிப்பூண்டிப் பாதையைச் சேர்ந்தவர்கள். ஒரே மாவட்டத்துக்குள் ரயிலில் ஒருவரையொருவர் சந்திக்க வேண்டுமானால் பேசின் பிரிட்ஜ் வரை போய்த் திரும்ப வேண்டும். இந்த வேடிக்கையைக்கூட ஒருவரும் எழுதவில்லை. பிறரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த ஆலமரங்களில் என்னுடையவையும் உண்டு. தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் என் உழைப்புக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். கண்ணால் ஒருநாளும் கண்டிராத கிராமத்தைப் பற்றிக் கவிதை எழுதினேன். கவிதைக்கு உரிய இடம் வேறெங்கோ இருக்கிறது, நாம் வாழும் இடம் அதற்கு ஆகாது என்ற ஒரு கூச்சம் நம் எல்லோரிடமும் இருக்கிறது.

அந்தக் கூச்சம் இல்லாத ஒரு கணக்கரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவர் பெயர் பூபேன் கக்கர்.

1934இல் பம்பாயில், குஜராத்தி நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். பொருளாதாரமும் வணிகவியலும் படித்துப் பட்டயக் கணக்கரானார். ஒரு தாய்க்கு அதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் பிள்ளைக்கு வேண்டியது வேறாக இருந்தது. ஓவியரும் கவிஞருமான குலாம் முகம்மது ஷேக்கின் நட்பு கிடைத்தது. அவருடைய தூண்டுதலால் 1962இல் பரோடாவுக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் சேர்ந்தார். சேர்ந்ததும் ஓவியப் பிரிவில் அன்று, கலை விமரிசனப் பிரிவில்! முறையான ஓவியப் பயிற்சி அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. பிழைப்புக்காக அவ்வூரில் ஒரு பொறியியல் தொழிற்சாலையில் பகுதிநேரக் கணக்கராக வேலை பார்த்தார். பேரேடு எழுதிய அதே கைதான் படமும் வரைந்தது. தொழிற்சாலை வேலையைத் தம் கலைக்கு நேர்ந்த விபத்தாக அவர் கருதியதாகத் தெரியவில்லை. உதவிக் கணக்கர் ஒருவரின் உருவத்தையே 1972இல் படமாக்கியிருக்கிறார். நம் தொழிலைச் சேர்ந்த ஒருவர் கான்வாஸில் இடம்பெற்றதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை உங்களிடம் மறைப்பானேன்?

அறுபதுகளின் நடுவில் அவர் செய்தவை ஒட்டுப்படங்கள். கடைகளில் சட்டமிட்டு விற்கும் சாமிப் படங்களை வெட்டி ஒட்டி, அவற்றின்மேல் வண்ணம் தீட்டிக் காட்சிக்கு வைத்தார். நாம் சற்றே வெட்கத்துடன் 'காலண்டர் படம்' என்று ஒதுக்கிவைக்கிறோமே, அதைத்தான் அவர் கையில் எடுத்தார். தமிழர்களாகிய நமக்கு இதில் வியப்படைய உரிமை இல்லை. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும்தாம் சிவகாசி அச்சகங்களின் வழியாக நாடெங்கும் சுவரேறினார்கள். அந்தத் தெய்வங்களைப் பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டோம். அவற்றை ஓவியம் என்று பார்க்க நமக்கு நெடுங்காலம் ஆயிற்று.

எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தவைதாம் கக்கரின் பெயரை நிலைநிறுத்திய படங்கள். தலைப்புகளைக் கேளுங்கள்: 'ஜனதா வாட்ச் ரிப்பேரிங்', 'டீலக்ஸ் டெய்லர்ஸ்', 'முடிதிருத்தும் கடை', 'தொழிற்சாலை வேலைநிறுத்தம்'. தலைப்புகளா, கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளா என்று ஐயம் வருகிறது அல்லவா? அந்த ஐயம் வரவேண்டும் என்பதே அவர் விருப்பம். இந்தப் படங்களில் நாடகம் எதுவும் இல்லை. ஒரு கடை. கடைக்குள் ஒரு மனிதர். அவரைச் சுற்றி அவருடைய தொழிற்பொருள்கள். தட்டையான, கலப்பில்லாத நிறங்கள். கோயில் உற்சவரைப் போல நம்மை நோக்கி நிறுத்தப்பட்ட, சற்றே விறைப்பான உருவம். பயிற்சி இல்லாதவரின் கை என்பது தெரிகிறது. அதை அவர் மறைக்கவும் இல்லை. மறைத்திருந்தால் படம் கெட்டிருக்கும். ஏனெனில், தையற்காரர் ஒருவர் தம் கடையைத் தாமே வரைந்தால் எப்படி இருக்குமோ அப்படி வரைய அவர் முயன்றார். கத்தரிக்கோலையும் தொங்கவிட்ட துணியையும் கடைக்காரரின் முகத்தையும் ஒரே அக்கறையோடு தீட்டினார். ஒன்று முக்கியம், மற்றது பின்னணி என்ற பாகுபாடு அங்கே இல்லை.

'டீலக்ஸ்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். ஒரு சிறு நகரத்தில், ஒரு குறுகிய கடையில் உட்கார்ந்திருக்கும் தையற்காரர் தம் கடைக்கு அப்படிப் பெயர் வைக்கிறார். அதில் உள்ளது பொய் அன்று, ஆசை. நம் மாநகரப் பேருந்துகளிலும் டீலக்ஸ் உண்டு, ஏறியவர்களுக்குத் தெரியும். படித்தவர்கள் இத்தகைய பெயர்ப்பலகைகளைக் கண்டு சிரிப்பார்கள். கக்கரும் சிரித்தார். அவருடைய படங்களில் நகைச்சுவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மேலே நின்று சிரிப்பது வேறு, கூட உட்கார்ந்து சிரிப்பது வேறு. அவர் இரண்டாவது வகை. எழுபதுகளின் நடுவில் அவர் வரைந்த ஒரு படத்தில் ஒரு மனிதர் பிளாஸ்டிக் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரைச் சுற்றிலும் அன்றாட வாழ்க்கையின் காட்சிகள் சிறுசிறு கட்டங்களாக, தலபுராணப் படத்தில் மூலவரைச் சுற்றித் திருவிளையாடல்கள் அமைவதைப் போல அமைந்திருக்கின்றன. நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் இருக்கும் பிளாஸ்டிக் ரோஜாவை ஒருவரும் முகர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் வாரம் ஒருமுறை தண்ணீரில் கழுவி, துடைத்து, மீண்டும் அதே இடத்தில் வைக்கிற ஒரு கை இருக்கிறது. அந்தப் பூவுக்கு வாசனை அங்கிருந்து வருகிறது.

இதே காலத்தில் நம் சென்னையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்பது நியாயம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தீட்டினார். 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவாயிற்று. எழுத்து, யந்திரக் கட்டம், ஜாதகக் கோடு, கோயிற் சிற்பம் என்று நம்முடைய ஓவியர்கள் இந்தியத் தன்மையைத் தேடினார்கள். அந்தத் தேடலின் பெருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியிலிருந்து வளர்ந்தது அந்தக் கல்லூரி. தொழிற்கலைகளைக் கற்பிப்பதும் அதன் தொடக்ககால நோக்கங்களில் ஒன்று. அப்படிப்பட்ட கல்லூரியின் வாயிலுக்கு எதிரே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில், அன்றாடம் ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை அந்தக் காலத்து ஓவியங்களில் எவ்வளவு குறைவாக இடம்பெற்றது! உரைநடையில் அந்தக் குறை நமக்கு இல்லை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் படித்தவர்கள் தெருவிலிருக்கும் அடிபம்பை முன்புபோல் பார்க்க முடியாது. குடமும் வாளியும் அதில் பாத்திரங்களாகவே நடமாடுகின்றன. வண்ணத்தில் அந்த வேலையைச் செய்தவர் என்று பரோடாவின் கணக்கரையே நான் முதலில் நினைக்கிறேன்.

அவர் தனியாகவும் இல்லை. 1981இல் ஆறு ஓவியர்கள் கூடி, மனிதர்களுக்கு ஓவியத்தில் மீண்டும் இடம் வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒரு கண்காட்சி நடத்தினார்கள். கக்கரும் ஷேக்கும் அதில் இருந்தனர். தானே நகரில் கதிரியக்க மருத்துவராகப் பணியாற்றிய சுதீர் பட்வர்தனும் இருந்தார். பகலில் நோயாளிகளின் எலும்புகளை எக்ஸ்ரேயில் பார்த்தவர், புறநகர் ரயிலையும் ஆலைத் தொழிலாளரையும் சாயாக் கடைகளையும் வரைந்தார். வேலைக்குப் போவதும் கலை செய்வதும் ஒன்றையொன்று தின்னும் என்று நம்பும் நண்பர்கள் இவ்விருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

நம்மிடம் ஆயுத பூஜை இருக்கிறது. அன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? முதல்நாளே இயந்திரங்களைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, சந்தனம் குழைத்துப் பட்டையிட்டு, குங்குமம் வைத்து, மாலை சூட்டுகிறோம். லேத்துக்கு மாலை. துளையிடும் இயந்திரத்துக்கு மாலை. எடைமேடைக்கு மாலை. எங்கள் கணக்குப் பிரிவில் பேரேடுகளை அடுக்கி மஞ்சள் துணி போர்த்துவோம். பேரேடுகள் போன பிறகு கணிப்பொறித் திரையின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தோம். மறுநாள் அது காய்ந்து உதிர்ந்து விசைப்பலகைக்குள் விழும். அந்த ஒருநாள் நாம் பொருள்களைப் பார்க்கிறோம். அடுத்தநாள் பொரிகடலைப் பொட்டலத்தோடு அந்தப் பார்வையும் தீர்ந்துவிடுகிறது.

என்னோடு வேலை பார்த்த கடைசல்காரர் ஒருவர் இருந்தார். தம்முடைய அளவுக்கருவியை மெல்லிய துணியில் சுற்றித்தான் பெட்டியில் வைப்பார். பிறர் கை படவிடமாட்டார். ஒருநாள் ஏதோ ஒரு பற்றுச்சீட்டுக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். எஃகைக் கடையும்போது கூர்முனையிலிருந்து சுருள்சுருளாகச் சீவல் புறப்பட்டு வருமே, அதைக் காட்டினார். சூடேறிய சீவல் வைக்கோல் நிறத்திலிருந்து செம்பழுப்பாகி, ஊதாவாகி, மயில்கழுத்து நீலத்தில் வந்து நின்றது. "இந்த நீலம் வந்தா வேகம் சரியா கூடியிருக்குன்னு அர்த்தம் சார்," என்றார். பிறகு, நான் கேட்காமலே, "பார்க்கவும் நல்லா இருக்கும்," என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அன்றிரவு நான் எழுதியது ஆற்றங்கரையைப் பற்றிய கவிதை.

இதே கருத்தைச் சென்ற மாதம் நம் வட்டத்து நண்பர் ஒருவரிடம் சொன்னேன். தொழிற்சங்கப் பணியில் நெடுங்காலம் இருந்தவர் அவர். கேட்டுவிட்டுச் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "விரலைத் தின்ற இயந்திரத்தில் அழகைப் பார்க்கச் சொல்கிறீர்களா, ஐயா?"

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. இன்றும் முழுமையான விடை என்னிடம் இல்லை. காற்றில் கரி மிதக்கும் ஊரில், ஒப்பந்தக் கூலிக்கு வடமாநிலங்களிலிருந்து வந்து ஓர் அறையில் பலராகப் படுத்துறங்கும் இளைஞர்கள் நடுவே, அழகு என்ற சொல்லை எடுப்பவன் கவனமாகத்தான் எடுக்க வேண்டும். அழகு என்பது பாராட்டுரை ஆகிவிட்டால் நண்பர் சொன்னது சரியாகிவிடும். நாம் முதலாளியின் விளம்பரப் பலகையை எழுதியவர்களாவோம். ஆனால் கக்கரின் படங்கள் தையற்கடையைப் பாராட்டவில்லை. அங்கே ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் இன்னின்ன பொருள்கள் இருக்கின்றன, அவர் முகம் இப்படி இருக்கிறது என்று சொல்கின்றன. அந்த முகங்களில் பெரும்பாலும் ஒரு தனிமை இருக்கிறது. கடிகாரக் கடையை வரைந்த அதே 1972இல் வேலைநிறுத்தத்தையும் அவர் வரைந்தார் என்பதை மறக்கலாகாது. இயந்திரத்தை உற்றுப் பார்ப்பவன்தான் அதில் பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டிருப்பதையும் பார்ப்பான். பாராதவனுக்கு அழகும் தெரியாது, ஆபத்தும் தெரியாது.

இதற்குச் சான்று தேடிப் பரோடா வரை போகவும் வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே திருவாலங்காடு இருக்கிறது. காரைக்காலம்மையார் அங்கே கண்டது எதை? முள்ளும் வற்றிய மரமும் எரியும் பிணமும் பேய்க்கூட்டமும் நிறைந்த சுடுகாட்டை. அதைத்தான் பாடினார். சோலை என்று மாற்றிச் சொல்லவில்லை. நல்ல இடம் என்று புகழவும் இல்லை. அங்குள்ளதை அங்குள்ளபடியே, பேயின் நகத்தையும் பல்லையும் விடாமல் சொன்னார். ஆட்டம் அங்கேதான் நடந்தது என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்தத் துணிவு நமக்கு முன்னால் கிடக்கும்போது, சிப்காட் வாயிலைக் கண்டு நாம் கூசுவது விந்தை.

கக்கருக்கும் ஒரு கூச்சம் இருந்தது. அது வேறு வகையானது. அவர் ஆண்களை விரும்பியவர். அதை வெளியில் சொல்ல முடியாத சமூகத்தில் வாழ்ந்தவர். 1980இல் தாயார் மறைந்தார். 1981இல் 'எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது' என்ற படத்தை வரைந்தார். தகப்பனும் மகனும் கழுதையும் சந்தைக்குப் போன கதை நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கதை கீழே தெருவில் நடந்துகொண்டிருக்கிறது. மேலே மாடத்தில் ஆடையற்ற ஒரு மனிதர், நமக்கு முதுகு காட்டி நின்று, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீலம் படிந்த காட்சி. நின்றவர் அவரேதான் என்று கொள்வது வழக்கம். இலண்டனின் டேட் அருங்காட்சியகம் 1996இல் இதை வாங்கியது. தன்பால் உறவு குற்றமன்று என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018இல். அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு! யாரும் கவனிக்காத கடைக்காரர்களை அவ்வளவு பரிவோடு அவர் கவனித்ததற்கு, தம்மில் ஒரு பகுதியை யாரும் காணாமல் வைத்திருக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பிற்காலத்துப் பெருமைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1984இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சல்மான் ருஷ்டி 1995இல் வெளியிட்ட நாவல் ஒன்றில் கணக்கரான ஓர் ஓவியரைப் படைத்தார். அதற்கு இவரே முன்மாதிரி. புற்றுநோய் கண்டபோது, நோயுற்ற தம் உடலையும் படத்துக்குப் பொருளாக்கினார். 2003 ஆகஸ்டில் காலமானார். 2016இல் டேட் மாடர்னில் அவருடைய படைப்புகளின் பெரிய கண்காட்சி நடந்தது. அங்கேயும் ஓர் ஆங்கில விமரிசகர் கடுமையாகத் தாக்கினார். படத்தின் தலைப்பு சரிதான் என்று நிரூபணமாயிற்று. மறு ஆண்டு அந்த 'டீலக்ஸ் டெய்லர்ஸ்' இலண்டன் ஏலத்தில் பத்து லட்சம் பவுண்டுக்கும் மேலான விலைக்குப் போயிற்று. பழைய கணக்கர் என்ற முறையில் அந்தத் தொகையை எந்தத் தலைப்பின்கீழ் பதிவது என்று நான் திகைத்துப்போனேன்.

இலக்கிய வட்டத்தினராகிய நமக்கு இன்னொரு செய்தி. அவர் குஜராத்தியில் சிறுகதைகளும் நாடகங்களும் எழுதியவர். ஒரு கதையின் தலைப்பில் வருவது 'ஃபாரின் சோப்பு'. சோப்புக் கட்டிதானே என்று எண்ணாதீர்கள். எழுபதுகளில் துபாயிலிருந்து வந்த உறவினர் ஒரு சோப்பைக் கொடுத்தால், அதைக் குளிக்கப் பயன்படுத்தாமல் புடவைகளுக்கு நடுவே பீரோவில் வைத்திருந்த வீடுகள் இங்கும் உண்டு. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அதைப் பற்றியும் நான் எழுதவில்லை.

கையால் எழுதிய பெயர்ப்பலகைகள் நம் ஊரிலும் மறைந்துகொண்டிருக்கின்றன. ஃபிளெக்ஸ் வந்தபின், தூரிகை பிடித்து வாழ்ந்தவர்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஜி.என்.டி. சாலையோரத்தில் பஞ்சர் ஒட்டும் கடைகளில், பழைய டயரின்மேல் வெள்ளை வண்ணத்தில் எழுதிய எழுத்துகளை இன்னும் காணலாம். இடம் போதாமல் கடைசி எழுத்து மட்டும் சிறுத்து ஓரத்தில் ஒடுங்கியிருக்கும். இன்று இங்கு வரும் வழியில் ஒன்றின் முன்னால் நின்று பார்த்தேன். காற்றடிக்கத்தான் நிற்கிறேன் என்று எண்ணிக் கடைக்காரர் குழாயோடு எழுந்து வந்தார். நடந்து வந்தவனிடம் சக்கரம் ஏது? இருவரும் சிரித்துவிட்டோம்.

கக்கரின் படங்கள் சிலவற்றை அச்சுப் பிரதிகளாக எடுத்து வந்திருக்கிறேன். நிறம் சற்று மங்கல்தான். கூட்டம் முடிந்ததும் அந்த மேசையில் பரப்பி வைக்கிறேன். கடைசி ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, வந்து பாருங்கள். அந்தக் கடைசல்காரரையும் அழைத்திருக்கிறேன். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க எனக்கும் ஆவலாக இருக்கிறது.